தோழிக்கு கேன்சர், இன்சூரன்ஸும் தீர்ந்துபோச்சு, மருந்துக்கு காசு எப்படி ஏற்பாடு பண்றது

என் காலேஜ் தோழிக்கு மார்பகப் புற்றுநோய், ஹெர்-2 பாசிட்டிவ் வகை, அதாவது ஹெர்-2ங்கற புரதம் கட்டில அதிகமா இருக்கற வகை. ஆபரேஷன் முடிஞ்சு கீமோ பாதில இருக்கும்போதே அவ வீட்டுக்காரர் ஆபீஸ் இன்சூரன்ஸ்ல இருந்த 3 லட்சமும் தீர்ந்துபோச்சு, அப்பதான் டாக்டர் சொன்னாங்க இனிமே கீமோவோட சேர்த்து டிராஸ்டுசுமாப்னு ஒரு ஊசி ஆரம்பிக்கணும், 3 வாரத்துக்கு ஒண்ணு, ஒரு வருஷம், மொத்தம் 18 ஊசின்னு. பில்லிங் கவுன்ட்டர்ல குடுத்த எஸ்டிமேட் தாள அவ அம்மா நாலா மடிச்சு பர்ஸுல வெச்சாங்க, அப்புறம் முந்தானைல முடிஞ்சு வெச்சிருந்த ரெண்டு வளையல எடுத்து என் கைல குடுத்து "இத வித்தா எத்தன ஊசி வரும் கண்ணு"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. வளையல திருப்பி அவங்க கைல போட்டு விட்டுட்டு வந்தேன்.

அன்னிக்கு நைட்டே நாலு பேருக்கு மெசேஜ் போட்டு பணம் கேக்கலாம்னுதான் போன எடுத்தேன். நல்லவேள போடல. ஏன்னா அந்த எஸ்டிமேட்ல இருந்த தொகை கடைசில நாங்க கட்டின தொகை இல்ல, பக்கத்துல கூட வரல. அதனால இத படிக்கற உங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான், பணம் தேடறதுக்கு முன்னாடி அந்த தொகைய எவ்ளோ கீழ இறக்க முடியும்னு பாருங்க, அந்த வேலைய நோயாளி செய்யக்கூடாது, அவங்க வீட்டுக்காரரோ பெத்தவங்களோ கூட அந்த நேரத்துல செய்ய முடியாது, ஃப்ரெண்டு நீங்கதான் செய்யணும். உங்ககிட்ட காசு இல்லன்னு கூச்சப்படாதீங்க. கால் நடையும் போன் பேச்சும் இருந்தா போதும்.

முதல்ல ஒரு ஃபைல் போடுங்க. பயாப்சி ரிப்போர்ட், ஐஎச்சி ரிப்போர்ட் (கட்டி எந்த வகைன்னு காட்டற டெஸ்ட்), ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, இதுவரைக்கும் கட்டின எல்லா பில்லும், ஆதார், ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ் கார்டு, எல்லாத்தையும் தேதி வரிசைல அடுக்கி பத்து செட் ஜெராக்ஸ், போன்ல ஒரு பிடிஎஃப். ஒவ்வொரு எடத்துலயும் இததான் கேப்பாங்க, ஒரு தாள் இல்லன்னு திருப்பி அனுப்புவாங்க, அந்த ஒரு நாள் அலைச்சல் ஒரு ஊசிய தள்ளிப்போடும். அப்புறம் அவகிட்டயே கேளுங்க, யார்கிட்டல்லாம் சொல்லலாம், யார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு. என் தோழி மாமியார் ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னா, போட்டோ வேண்டாம்னா, அதுக்கு ஏன்னு நான் கேக்கல, அவ உடம்பு அவ பேச்சு.

அடுத்தது டாக்டர்கிட்ட பேசறது. ஓபில மூணு நிமிஷத்துல இது முடியாது, அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "காசு விஷயமா பேசணும், பத்து நிமிஷம் வேணும்"னு நர்ஸ்கிட்ட சொல்லி வைங்க, அவங்க கடைசி பேஷன்டா விடுவாங்க, நிதானமா பேசலாம். கேக்க வேண்டிய முதல் கேள்வி கஷ்டமான கேள்வி. இந்த மருந்து நோய குணமாக்கவா, இல்ல நாள கூட்டவா, கூட்டும்னா தோராயமா எவ்ளோ? எங்க விஷயத்துல டாக்டர் தெளிவா சொன்னாங்க, இது ஆரம்ப கட்டம், நோய் திரும்பி வராம இருக்கறதுக்காகத்தான் இந்த ஊசி, கண்டிப்பா போடணும்னு. அதனாலதான் நாங்க துணிஞ்சு இறங்கினோம். பதில் வேற மாதிரி வந்தா, சில லட்சத்துக்கு சில வாரந்தான்னா, வீட்ட அடமானம் வெக்கறதுக்கு முன்னாடி நோயாளிக்கே அது தெரியணும், முடிவு அவங்க எடுக்கணும். வலி நிவாரண சிகிச்சைக்கு, மார்ஃபின் மாத்திரைக்கு எல்லாம் இந்த மாதிரி செலவு ஆகாது, அந்த வழியும் மருத்துவம்தான்.

ரெண்டாவது கேள்வி, இதே மருந்து கம்மி விலைல வருதா? பெரிய கம்பெனி பிராண்டு ஒண்ணு இருக்கும், அதுக்கு இந்திய கம்பெனி செய்யற அதே மாதிரி மருந்து இருக்கும், டிராஸ்டுசுமாப் மாதிரி உயிரி மருந்துன்னா பயோசிமிலர்னும், மத்ததுன்னா ஜெனெரிக்னும் சொல்லுவாங்க. டிராஸ்டுசுமாபுக்கு 2014ல இருந்தே பயோகான் தயாரிப்பு மார்க்கெட்ல இருக்கு, அப்புறம் இன்னும் பல கம்பெனி வந்துருச்சு. இந்த நாட்டுல இதுக்கு ஒரு வரலாறே இருக்கு. சோராஃபெனிப்னு கிட்னி, லிவர் கேன்சர் மாத்திரை மாசம் 2.8 லட்சத்துக்கு வித்துட்டு இருந்தது, 2012ல அரசு நாட்கோ கம்பெனிக்கு கட்டாய உரிமம், அதாவது பேடன்ட் வெச்சிருக்கற கம்பெனி ஒத்துக்கலன்னாலும் செய்யற அனுமதி, குடுத்ததும் மாசம் 8,800 ரூபாய்க்கு வந்துச்சு. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் பேடன்ட் வழக்குல 2013 ஏப்ரல் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம்தான் இந்திய கம்பெனிங்க பயமில்லாம அத செய்ய முடிஞ்சது. இதெல்லாம் யாரோ சண்ட போட்டு வாங்கி குடுத்தது, அத கேக்காம விட்டுட்டு வர்றது தப்பு. "பயோசிமிலர் போட்டா பரவாயில்லயா மேடம்"னு கேட்டேன், "தாராளமா"ன்னாங்க, எஸ்டிமேட்ல பெரிய பிராண்டு போட்டது பில்லிங் செக்‌ஷன் பழக்கமாம்.

மூணாவது கேள்வி, கம்மி டோஸ்லயோ கம்மி நாள்லயோ இதே பலன் வருதுன்னு ஆய்வு எதாவது இருக்கா? இத கேக்கலாமான்னு எனக்கு தயக்கமாதான் இருந்துச்சு, டாக்டர் கோவப்படல, சந்தோஷமா பேசினாங்க. ஒரு வருஷ டிராஸ்டுசுமாபுக்கு பதிலா 6 மாசம் போட்டாலும் ஏறக்குறைய அதே பலன்தான்னு இங்கிலாந்துல 4,000க்கு மேல பெண்கள வெச்சு நடத்தின பெர்செஃபோன் ஆய்வு 2019ல வந்துச்சு, எல்லா ஆய்வும் அத ஒத்துக்கல, அதனால ஒரு வருஷந்தான் இன்னும் வழக்கம், ஆனா காசே இல்லாதவங்களுக்கு 6 மாசமாவது கண்டிப்பா போட வெப்போம்னாங்க. தலை, கழுத்து கேன்சர் முத்தினவங்களுக்கு மும்பை டாடா மெமோரியல் டாக்டர்கள் நிவோலுமாப்ங்கற இம்யூனோதெரபி ஊசிய வழக்கமான அளவுல பத்துல ஒரு பங்குக்கும் கம்மியா, வெறும் 20 மில்லிகிராம், 3 வாரத்துக்கு ஒருதடவ குடுத்து பாத்தாங்க, மாத்திரை கீமோவோட சேர்த்து. ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 16 சதவீதத்துல இருந்து 43 சதவீதமா கூடியிருந்தாங்க, 2022ல வெளிவந்த ஆய்வு அது. ப்ராஸ்டேட் கேன்சருக்கு தர்ற அபிராடெரோன் மாத்திரைய வெறும் வயித்துல நாலு போடறதுக்கு பதிலா லேசான காலை சாப்பாட்டோட ஒண்ணு போட்டா போதுமான்னும் ஆய்வு இருக்கு. இத எதையும் நீங்களா வீட்ல மாத்தி பண்ணிடாதீங்க, கெஞ்சி கேட்டுக்கறேன், டாக்டர்கிட்ட கேக்கறதுக்கான கேள்வியா மட்டும் வெச்சுக்கங்க.

இப்ப எங்களுக்கு அதிகம் மிச்சமான விஷயத்துக்கு வர்றேன், இது கொஞ்சம் கணக்கு, பொறுமையா படிங்க. என் தோழி 55 கிலோ. இந்த ஊசி எடைக்கு தகுந்த மாதிரி, முதல் தடவ கிலோவுக்கு 8 மில்லிகிராம், அப்ப 440, ஒரு பெரிய குப்பி சரியா முடிஞ்சுது. அடுத்த 17 தடவையும் கிலோவுக்கு 6, அதாவது 330. ஆனா குப்பி 440. ஒவ்வொரு தடவையும் 110 மில்லிகிராம் குப்பைக்கு போகும், காசும் அதோட போகும். அந்த 440 குப்பியோட கூடவே கிருமி வளராத மருந்து சேர்த்த தண்ணி ஒரு பாட்டில் வரும், அதுல கலந்தா 2லிருந்து 8 டிகிரி குளிர்ல 28 நாள் வெக்கலாம்னு பெட்டிக்குள்ள இருக்கற தாள்ல போட்டிருந்துச்சு. அடுத்த ஊசி 21வது நாள். புரியுதா? மிச்ச 110 அடுத்த தடவைக்கு ஆகும், அடுத்த தடவ புதுக்குப்பில 220 எடுத்தா மிச்சம் 220, அதுக்கடுத்து மிச்சம் 330, அதுக்கடுத்த ஊசிக்கு புதுசா குப்பியே வாங்க வேண்டாம். நாலு ஊசிக்கு மூணு குப்பி. மொத்தம் 18 குப்பி வாங்க வேண்டிய எடத்துல 14. கீமோ ஃபார்மசில இருந்த ஃபார்மசிஸ்ட் தம்பி ஒருத்தர்தான் இத எனக்கு ஒரு பிரிஸ்கிரிப்ஷன் தாள் பின்னாடி பேனாவால போட்டு காட்டினாரு, அந்த தாள் இன்னும் என்கிட்ட இருக்கு.

இது எல்லா மருந்துக்கும் ஆகாது, எல்லா பிராண்டுக்கும் ஆகாது, 150 மில்லிகிராம் சின்ன குப்பி ஒரே தடவதான். மிச்சத்த ஆஸ்பத்திரி ஃபார்மசி ஃப்ரிட்ஜ்லதான் பேரு எழுதி வெக்கணும், வீட்டு ஃப்ரிட்ஜ்ல தயிர் பக்கத்துல வெக்கற விஷயம் இல்ல. ஊசி தேதி தள்ளிப்போனா 28 நாள் தாண்டிடும், அப்ப அது வீண்தான். அதே மருந்து வாங்கற இன்னொரு பேஷன்ட அதே நாள்ல வர வெச்சு ஒரு குப்பிய பங்கு போட்டுக்கறதும் சில எடத்துல நடக்குது, அதுவும் ஆஸ்பத்திரி ஒத்துக்கிட்டா மட்டும்.

அடுத்தது எங்க வாங்கறதுங்கறது. கேன்சர் மருந்துல எம்ஆர்பிங்கறது ஒரு எண்ணு, அவ்ளோதான், கடைக்காரர் வாங்கற விலைக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். இத பாத்துதான் 2019ல மத்திய அரசோட விலை நிர்ணய ஆணையம் 42 கேன்சர் மருந்துக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு, அதுல 390 பிராண்டு விலை இறங்குச்சு, சிலது 87 சதவீதம் வரைக்கும். கட்டுப்பாட்டுல வராததும் இருக்கு, அதனால மூணு நாலு எடத்துல விலை கேளுங்க. கேன்சர் மருந்து ஸ்டாக்கிஸ்ட் தனியா இருப்பாங்க, போன் பண்ணி மருந்து பேரு, மில்லிகிராம், எத்தன குப்பின்னு சொன்னா விலை சொல்லுவாங்க, ஒரே தடவ மூணு குப்பி எடுக்கறோம்னா இன்னும் குறைப்பாங்க. எங்களுக்கு எம்ஆர்பில பாதிக்கும் கீழ கெடச்சுது. சின்ன மருந்துங்க, வாந்தி மாத்திரை, சத்து மாத்திரை எல்லாம் மக்கள் மருந்தகத்துலயோ, 2025 பிப்ரவரில தமிழ்நாடு முழுக்க 1,000 எடத்துல தொறந்த முதல்வர் மருந்தகத்துலயோ பாருங்க. பில்லுல ஜிஎஸ்டிய பாக்க மறந்துடாதீங்க, 2025 செப்டம்பர் 22லிருந்து மருந்துங்களுக்கு 12 சதவீதம் இல்ல, 5தான், 33 உயிர்காக்கும் மருந்துக்கு வரியே இல்ல, பழைய எஸ்டிமேட்ட அப்படியே நீட்டுனா கேளுங்க.

வெளில வாங்கிட்டு வந்தா போட மாட்டோம்னு நாங்க போன எடத்துல முதல்ல சொன்னாங்க. மருந்து எங்க வாங்கணும்னு முடிவு பண்ற உரிமை நோயாளிக்கு இருக்குன்னு தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல தயாரிச்ச நோயாளி உரிமை சாசனத்துலயே இருக்கு. நான் சண்ட போடல, அத பிரிண்ட் எடுத்துட்டு போயி, பில், பேட்ச் நம்பர், ஐஸ் பெட்டி எல்லாம் சரியா கொண்டு வர்றோம்னு மெடிக்கல் சூப்பிரண்டன்ட்கிட்ட ஒரு லெட்டர் குடுத்தேன், ரெண்டு நாள்ல ஒத்துக்கிட்டாங்க.

ஆனா சீப்பா கெடக்குதுன்னு யார்கிட்டயோ வாங்கிடாதீங்க. 2024 மார்ச்ல டெல்லி போலீஸ் ஒரு கும்பல புடிச்சாங்க, ஆஸ்பத்திரில போட்டு முடிச்ச விலை அதிகமான கேன்சர் மருந்து காலி குப்பிய வாங்கி அதுல வேற மருந்த ரொப்பி வித்துட்டு இருந்தாங்க. அந்த செய்திய படிச்சதுல இருந்து நான் ஒவ்வொரு ஊசி முடிஞ்சதும் காலி குப்பிய நர்ஸ்கிட்ட கேட்டு லேபிள மார்க்கரால கிறுக்கி, அட்டப்பெட்டிய கிழிச்சுட்டுதான் குடுப்பேன். நீங்களும் பண்ணுங்க. லைசென்ஸ் உள்ள கடை, ஒழுங்கான பில், சீல், கையில தொட்டா சில்லுன்னு இருக்கற பெட்டி, இந்த நாலும் இல்லன்னா வாங்காதீங்க.

விலை அதிகமா இருக்கற, பேடன்ட் முடியாத புது மருந்தா இருந்தா கம்பெனியோட பேஷன்ட் சப்போர்ட் ப்ரோக்ராம் இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, இத்தன வாங்கினா மிச்சம் இலவசம்ங்கற மாதிரி இருக்கும், வருமானத்த பாத்து முழுசா இலவசமாவும் தருவாங்க, இதுக்கு சிகிச்சை தர்ற டாக்டர்தான் எழுதணும், நீங்களா அப்ளை பண்ண முடியாது, நாமளா கேக்காம பல எடத்துல சொல்றதும் இல்ல.

இன்சூரன்ஸ் தீர்ந்துருச்சுன்னா தீர்ந்துருச்சு இல்ல. அவ வீட்டுக்காரர் ஆபீஸ் குரூப் பாலிசில கார்ப்பரேட் பஃபர்னு ஒரு தொகை தனியா இருந்துச்சு, பெரிய நோய்க்கு மேனேஜ்மென்ட் அனுமதிச்சா அதுல இருந்து எடுக்கலாம், எட்டு வருஷமா அங்க வேல பாக்கறவருக்கே அது தெரியாது, ஹெச்ஆர்க்கு ஒரு மெயில் எழுத வெச்சோம், ஒன்றரை லட்சம் வந்துச்சு. பாலிசி பேப்பர் முழுசா படிங்க. மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி (டிராஸ்டுசுமாப் அந்த வகைதான்), மாத்திரை கீமோ இதெல்லாம் நவீன சிகிச்சை லிஸ்ட்ல இருக்கு, 2019லயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ சொல்லிட்டாங்க அத அடியோட விலக்கக்கூடாதுன்னு, உச்சவரம்பு வேணா வெச்சுக்கலாம். நாள் முழுக்க அட்மிட் ஆகலன்னு கீமோ கிளைம ரிஜெக்ட் பண்ணா, அது டே கேர்ல, அதாவது அன்னிக்கே வீட்டுக்கு போற சிகிச்சைல வரும்னு எழுதுங்க. அஞ்சு வருஷம் விடாம கட்டின பாலிசில முன்னாடியே நோய் இருந்துச்சு சொல்லலன்னு காரணம் காட்டி, மோசடின்னு நிரூபிக்காம மறுக்கவும் முடியாது. முதல்ல கம்பெனிக்கு புகார், 30 நாள் பாருங்க, அப்புறம் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்ங்கற குறைதீர்ப்பாளர், சென்னைலயும் ஆபீஸ் இருக்கு, வக்கீல் வேண்டாம், கட்டணம் கெடயாது, 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு சொல்லலாம்.

ஈஎஸ்ஐ பிடிக்கற சம்பளக்காரரா இருந்தா அத விட்டுடாதீங்க. ஈஎஸ்ஐனா மாத்திரை தர்ற டிஸ்பென்சரின்னு நெனச்சு பலர் சொந்த காசுல அலையறாங்க, கேன்சருக்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் உண்டு, தகுதி இருந்தா வேலைக்கு போக முடியாத நாளுக்கு சம்பளத்துல 80 சதவீதம் ரெண்டு வருஷம் வரைக்கும் தருவாங்க. பிஎஃப்லயும் கேன்சர்னா வைத்திய செலவுக்கு எடுக்கலாம், திருப்பி கட்ட வேண்டாம்.

அரசு திட்டத்துக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம், முகாம்ல இருக்கற இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கெடயாது. வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்கு நோயாளியோட போகணும். உங்க ஃப்ரெண்டோட அப்பா அம்மாவுக்கு நோய்னா, 70 வயசு தாண்டிட்டா வருமானமே பாக்காம 5 லட்சம் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டுல உண்டு, 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சது. திட்டத்துல மருந்து இல்லன்னு சொன்னா வாய்ல சொன்னத வெச்சு திரும்பி வராதீங்க, காப்பீட்டு வார்டு மேனேஜர்கிட்ட என்ன காரணம்னு எழுதி கேளுங்க, 1800 425 3993க்கு போன் போடுங்க, பல தடவ ஐஎச்சி ரிப்போர்ட் சேர்க்கலன்னுதான் திரும்பி வந்திருக்கும்.

என் தோழி குடும்பம் வருமான வரம்ப தாண்டி, அவளுக்கு அது கெடைக்கல. நடுவுல மாட்டிக்கற குடும்பங்கதான் ரொம்ப பாவம், ஏழைன்னு சான்று கெடைக்காது, கட்ட காசும் இருக்காது. அவங்களுக்கு இருக்கற வழி எடத்த மாத்தறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்சது, டாக்டர் சாந்தா அம்மா கடைசி வரைக்கும் அங்கயே இருந்து காசில்லன்னு யாரும் திரும்பக்கூடாதுன்னு பாத்த எடம், வசதிக்கு ஏத்த மாதிரிதான் அங்க கட்டணம். காஞ்சிபுரம் காரப்பேட்டைல 1969லிருந்து அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. பெரிய அரசு ஆஸ்பத்திரில கேன்சர் பிரிவு இருக்கு. பாதி சிகிச்சைல மாறணும்னா பயாப்சி ஸ்லைடும் பிளாக்கும் (மெழுகுல பதிச்சு வெச்ச கட்டித் துண்டு) பழைய ஆஸ்பத்திரில கேட்டு வாங்கணும், குடுத்துதான் ஆகணும், ஒரு வாரம் இழுக்கும், அதனால முன்னாடியே எழுதி குடுங்க. "கவர்மென்ட் ஆஸ்பத்திரியா"ன்னு சொந்தக்காரங்க முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும். ஊசி மட்டும் அங்க, செக்கப் பழைய டாக்டர்கிட்டன்னு பிரிச்சும் செய்யலாம்.

பிரதமர் நிவாரண நிதிக்கு விண்ணப்பம், எம்பி பரிந்துரை லெட்டரோட, ஆஸ்பத்திரி எஸ்டிமேட் ஒரிஜினல், வருமான சான்று, முகவரி சான்று, ரெண்டு போட்டோ. செலவுல ஒரு பங்குதான் வரும், அவங்க லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரியா இருக்கணும், பணமும் ஆஸ்பத்திரிக்கே போகும். ஏற்கனவே கட்டின பில்லுக்கு தர மாட்டாங்க, அதனால சிகிச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போடுங்க. வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கறவங்களுக்கு மத்திய சுகாதார அமைச்சரோட கேன்சர் நோயாளி நிதி 2009லிருந்து இருக்கு, மண்டல புற்றுநோய் மையங்க வழியா, அடையாறும் காரப்பேட்டையும் அந்த மையங்கதான். இந்தியன் கேன்சர் சொசைட்டில கேன்சர் க்யூர் ஃபண்ட்னு குணமாகக்கூடிய கேன்சருக்கு உதவறாங்க. குழந்தைக்குன்னா சென்னைல ரே ஆஃப் லைட் ஃபவுண்டேஷன், வெளியூர்ல இருந்து வர்ற குடும்பம் தங்கறதுக்கு செயின்ட் ஜூட். இந்த எல்லா கதவையும் தொறக்கற சாவி ஆஸ்பத்திரி மெடிக்கல் சோசியல் வொர்க்கர், பெரும்பாலும் கீழ்த்தளத்துல ஒரு மூலைல உக்காந்திருப்பாங்க, டாக்டர பாக்கற அன்னிக்கே அவங்களையும் பாத்துடுங்க.

ரயில்ல ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் சிகிச்சைக்கு போற கேன்சர் நோயாளிக்கு டிக்கெட் முழு சலுகை, கூட போறவருக்கு 75 சதவீதம், ஆஸ்பத்திரில கையெழுத்து போட்ட ஃபார்ம் வேணும். திருச்சி, மதுரைல இருந்து 3 வாரத்துக்கு ஒருதடவ வர்றவங்களுக்கு இது சின்ன காசு இல்ல.

இவ்வளவும் பண்ணினப்புறம் எங்களுக்கு மிச்சம் தேவப்பட்டது முதல் எஸ்டிமேட்ல மூணுல ஒரு பங்குகூட இல்ல. அப்பதான் கேக்க ஆரம்பிச்சேன். கேக்கறப்ப மொத்த தொகைய சொல்லாதீங்க, லட்சக்கணக்குல பாத்தா ஆயிரம் ரூபா வெச்சிருக்கறவர் என்னோடது எந்த மூலைக்குன்னு ஒதுங்கிடுவாரு. நான் அனுப்பினது இதுதான்: "நம்ம செட் ஃப்ரெண்டு ஒருத்திக்கு உடம்பு சரியில்ல, சிகிச்சை நல்லா போயிட்டு இருக்கு, குணமாகற நோய். 6ஆம் தேதி அவளுக்கு ஊசி, அதுக்கு இன்னும் 9,000 வேணும். பணம் நேரா ஆஸ்பத்திரி கணக்குக்கு போகும், ரசீது நான் அனுப்பறேன். முடிஞ்சவங்க குடுங்க, முடியாதவங்க சாமி கும்பிட்டுக்கங்க, யாரும் சங்கடப்பட வேண்டாம்." ஒரு ஊசிக்கு ஒரு மெசேஜ், அவ்ளோதான். எல்லாருக்கும் ஒரே ஃபார்வர்டா போடாம தனித்தனியா பேரு சொல்லி அனுப்பினேன், நேரம் புடிச்சுது, ஆனா குரூப்ல போட்டா பாத்துட்டு போயிடுவாங்க, பேரு சொல்லி கேட்டா பதில் வரும். ஸ்கூல்ல எங்களுக்கு கணக்கு எடுத்த டீச்சர் 500 ரூபா அனுப்பிட்டு மாசாமாசம் அனுப்பறேன்னு சொன்னாங்க, கடைசி வரைக்கும் ஒரு மாசம் தவறல.

மொய் நோட்டு எழுதற மாதிரியே எழுதுங்க. யாரு, எந்த தேதி, எவ்ளோ, எந்த பில்லுக்கு போச்சு. நம்ம ஊர்ல மொய் எழுதறவர் பக்கத்துல ரெண்டு பேரு உக்காந்திருப்பாங்க, அதே மாதிரி கணக்க இன்னொரு ஃப்ரெண்டும் பாக்கற மாதிரி ஷீட்ல போட்டேன். உங்க சொந்த அக்கவுன்ட்ல வாங்காதீங்க, நம்பிக்கைக்கு மட்டும் இல்ல, சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து வருஷத்துல மொத்தம் 50,000க்கு மேல பணமா வந்தா வாங்கறவருக்கு அது வருமானமா வரி கணக்குல வரும். ஆஸ்பத்திரியோட பேஷன்ட் நம்பர போட்டு நேரா கட்ட சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்கு யூபிஐல 5 லட்சம் வரைக்கும் அனுப்பலாம். ரெண்டு லட்சமோ மேலயோ ரொக்கமா கட்டறதுக்கு சட்டத்துல எடமே இல்ல, அதனால பைல பணத்த கட்டிட்டு போகாதீங்க. ஆன்லைன் நிதி திரட்டற தளத்துல போட்டா முன்பின் தெரியாதவங்களும் குடுப்பாங்க, ஆனா கட்டணம் என்னன்னு முன்னாடியே பாருங்க, பணம் குடுக்கற எடத்துல தளத்துக்கு டிப்னு ஒரு பங்கு தானா சேர்ந்து நிக்கும், அத குறைக்கலாம்னு உங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க. போட்டோ வெச்சா நிறைய வரும்னு சொல்லுவாங்க. மொட்டத்தலையும் ட்யூபுமா இருக்கற போட்டோ அவ சரின்னு சொல்லாம போடாதீங்க, அது இணையத்துல அவ பொண்ணு வளர்ந்தப்புறமும் இருக்கும்.

கடன் வாங்கித்தான் ஆகணும்னா பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ நகைக்கடன், நகைய விக்காம. போன் ஆப்ல கெடைக்கற கடன், கந்துவட்டி, மீட்டர் வட்டி பக்கம் அந்த வீட்டு ஆம்பளைங்க யாரும் போயிடாம கண்ணு வெச்சுக்கங்க, பயத்துல மனுஷன் எங்க வேணா கையெழுத்து போடுவாரு. "இந்த இலைய அரைச்சு குடிச்சா போதும், ஊசி வேண்டாம்"னு வர்ற ஆளுங்களும் வருவாங்க, அவங்ககிட்ட போற காசும் ஊசிக்கு போக வேண்டிய காசுதான். பழைய வரி முறைல இருந்தா கேன்சர் செலவுக்கு வருமான வரில 40,000, நோயாளி சீனியர் சிட்டிசன்னா 1 லட்சம் வரைக்கும் கழிவு உண்டு, டாக்டர் சீட்டு எடுத்து வைங்க.

கணக்குல வராத செலவும் கூட இருக்கு. இந்த ஊசி போடறவங்களுக்கு மூணு மாசத்துக்கு ஒருதடவ எக்கோ எடுக்கணும், இதயம் தாங்குதான்னு பாக்க, அது எஸ்டிமேட்ல இருக்காது. ஆட்டோ, அம்மா கூட வந்தா கேன்டீன் சாப்பாடு, ஊசி அன்னிக்கு பிள்ளைய பாத்துக்க ஆளு. பணம் குடுக்க முடியாதவங்க "நான் என்ன செய்யறது"ன்னு கேட்டா இத பிரிச்சு குடுங்க. எங்க செட்ல ஒருத்தன் கார்ல கூட்டிட்டு போயிட்டு வர்றது தன் பொறுப்புன்னு எடுத்துக்கிட்டான், 18 தடவையும் அவன்தான்.

அவகிட்ட காசு கணக்க வாரத்துக்கு ஒருதடவ மட்டும் சொன்னேன், அதுவும் அவ கேட்டாதான். மத்த நேரம் நாங்க சினிமா பேசினோம், காலேஜ் மெஸ்ல போட்ட சாம்பார பத்தி பேசினோம். ஒருநாள் ஊசி ஏறிட்டு இருக்கும்போது "எவ்ளோ பேருக்கு நான் கடன்"னு கேட்டா, நோட்ட காட்டினேன், பேரா படிச்சுட்டே வந்தா, கணக்கு டீச்சர் பேருல நின்னுட்டா, ரொம்ப நேரம் அடுத்த பக்கம் திருப்பல.

கடைசி ஊசி முடிஞ்சப்ப ஆஸ்பத்திரி கணக்குல 6,200 ரூபா மிச்சம். மிச்சம் வந்தா என்ன பண்றதுன்னு பணம் வாங்கறதுக்கு முன்னாடியே குடுக்கறவங்ககிட்ட கேட்டு வெச்சுக்கங்க, நாங்க கேட்டு வெச்சிருந்தோம், அதே மருந்து வாங்கற வேற யாருக்காவது போகட்டும்னாங்க எல்லாரும். பக்கத்து சேர்ல திண்டிவனத்துல இருந்து வர்ற அக்கா ஒருத்தங்க அஞ்சாவது ஊசில இருந்தாங்க, அவங்க பேஷன்ட் நம்பருக்கு மாத்தி விட சொல்லி லெட்டர் எழுதினோம். அவங்க எடை 52 கிலோ. ஃபார்மசிஸ்ட் தம்பிகிட்ட அவங்கள கூட்டிட்டு போயி விட்டோம், அவரு ஒரு தாள எடுத்து திருப்பி போட்டு 52ஐ 6ஆல பெருக்க ஆரம்பிச்சாரு.